போலீஸ் தொடர்களில் வழக்கு, காதல், குடும்பம் மூன்றையும் எந்த அளவில் கலக்க வேண்டும்?

புதுச்சேரியை வைத்து எட்டு எபிசோடில் ஒரு க்ரைம் தொடர் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, வழக்குக்கு எவ்வளவு நேரம், காதலுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று கணக்கு கேட்டிருக்கிறீர்கள். நிமிடக் கணக்கு போட்டு இதைத் தீர்க்க முடியாது என்பது என் கட்சி. எனக்கு ஒரே ஒரு சோதனைதான். வீட்டுக் காட்சியை அப்படியே தூக்கிவிட்டுப் பாருங்கள். விசாரணை எந்தச் சேதமும் இல்லாமல் நடந்தால், அந்தக் காட்சி நேரத்தை நிரப்ப வந்தது. வழக்கு தடுமாறினால் அரை மணி நேரம் கூட அதற்குக் கொடுக்கலாம்.

‘சுழல்’ (2022) முதல் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். காணாமல் போன நிலாவைத் தேடுகிறார் இன்ஸ்பெக்டர் ரெஜினா. அந்தப் பெண் காதலித்தது தன் மகன் அதிசயத்தைத்தான் என்று தெரிந்த பிறகு, அவர் கேட்கும் கேள்விகளில் எது இன்ஸ்பெக்டர் கேட்பது, எது அம்மா கேட்பது என்று நமக்கே பிடிபடுவதில்லை. அந்த அம்மாவை எடுத்துவிட்டால் கதையே இல்லை. அதே தொடரில் எஸ்.ஐ. சக்கரைக்கு நிச்சயமான பெண் வருகிற காட்சிகளைக் குறைத்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது.

இதைவிடக் கச்சிதமாகச் செய்தது ‘டெல்லி க்ரைம்’ முதல் சீசன் (2019). 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த நிர்பயா கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கின் விசாரணை அது. டி.சி.பி. வர்த்திகாவாக ஷெஃபாலி ஷா. மகளுக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை, வெளிநாடு போய்ப் படிக்க வேண்டும். அம்மாவுக்கு அவள் இங்கேயே இருக்க வேண்டும். எந்த வீட்டிலும் நடக்கிற சண்டைதான். ஆனால் இந்த ஊர் அவ்வளவு மோசமில்லை என்று மகளிடம் வாதாட வேண்டிய அதே நாட்களில்தான் அம்மாவின் மேஜைக்கு அந்த வழக்கு வருகிறது. பகலில் அவர் கையாளும் ஒவ்வொரு சாட்சியமும் இரவில் மகள் பக்கம் போய் நின்றுகொள்கிறது. கணவரும் போலீஸ் அதிகாரி என்பதால் யாரும் யாருக்கும் எதையும் விளக்கத் தேவையில்லை, வசனமும் மிச்சம். வீட்டுக் காட்சிகளின் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் கொஞ்சம்தான் வரும், நினைவில் நிற்பது அதிகம். சர்வதேச எம்மி விருது 2020-ல் அந்தத் தொடருக்குச் சும்மா வந்துவிடவில்லை.

‘வதந்தி’ (2022) எதிர்த் திசையில் போகும். அங்கே வழக்கு வீட்டுக்குள் வருகிறது. எஸ்.ஜே. சூர்யா நடித்த எஸ்.ஐ. விவேக், இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றியே யோசித்து யோசித்து, உயிரோடு இருக்கும் மனைவியை மறந்துபோகிறார். அதுவும் செல்லும். இரண்டு திசையில் எதிலாவது கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி போலீஸ் வீட்டைப் பற்றிக் கொஞ்சம். என் அக்கா வீட்டுக்காரர் கடலூர் மாவட்டத்தில் ஏட்டு. பெரும்பாலான தொடர்களை அக்காவோடு உட்கார்ந்துதான் பார்ப்பேன், விமர்சனம் இலவசம். டப்பிங்கில் ஓடும் ஒரு வெளிநாட்டுத் தொடரைப் பார்த்துவிட்டு, “இவனுங்க ஸ்டேஷன்ல எழுத்து வேலையே கிடையாதாடா? எப்பப் பார்த்தாலும் அந்தப் பொண்ணையே பார்த்துக்கிட்டு நிக்கிறான்” என்றாள். நியாயமான கேள்வி. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பந்தோபஸ்து முடிந்து மாமா வந்தால், காக்கி பேன்ட்டின் பாக்கெட்டை வெளியே இழுத்து மணலைக் கொட்டிவிட்டுத்தான் அக்கா ஊறப்போடுவாள். கூடவே மடித்த சம்மன் நகல், பேனா மூடி, பாதி தின்ற கடலைமிட்டாய் எல்லாம் வரும். அன்றைக்கு அவர் எங்கே நின்றார், சாப்பிட்டாரா இல்லையா என்பது பாக்கெட்டைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த வீட்டில் பெரிய துப்பறிவாளர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொடர்களில் வரும் சண்டை அங்கே நடப்பதில்லை. “உனக்கு நான் முக்கியமா, கேஸ் முக்கியமா” என்று அக்கா ஒரு நாளும் கேட்டதில்லை. சண்டை எல்லாம் லீவைப் பற்றித்தான். காவலர்களுக்கும் ஏட்டுகளுக்கும் வார விடுப்பு, பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் லீவு என்று 2021-ல் தமிழ்நாட்டில் அறிவிப்பு வந்தபோது அக்கா அந்தப் பேப்பரைக் கத்தரித்தே வைத்துக்கொண்டாள். அவர்களுடையது தை மாதக் கல்யாணம். தைப்பூசமும் தை மாதம்தான், வடலூர் ஜோதி தரிசனத்துக்குக் கூட்டம் எப்படி வரும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், அந்த நேரத்தில் லீவு எங்கே கிடைக்கும்? சின்னவளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் என் மடியில் உட்கார வைத்துக் குத்தி முடித்து, பந்தியும் கடைசிக்கு வந்த பிறகுதான் அப்பா யூனிஃபார்மோடு வந்தார். ஷூவைக் கழற்ற நேரமில்லை. பந்தலுக்கு வெளியே நின்றபடி பாயசத்தைக் குடித்துவிட்டு, குழந்தையின் காதைத் தொடப் பார்த்து, அது அலறியதும் கையை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போனார். இப்படி ஒரு காட்சியை எந்த க்ரைம் தொடரிலாவது பார்த்திருக்கிறீர்களா? டிவி போலீஸுக்குப் பந்தோபஸ்து கிடையாது, கோர்ட் டூட்டி கிடையாது, விஐபி வந்தால் ரோட்டோரம் நிற்பது கிடையாது. அதனால்தான் அவர்களுடைய சொந்த வாழ்க்கை என்றால் விவாகரத்து, குடி, செத்துப்போன மனைவியின் போட்டோ என்று நான்கைந்து சாமான்களிலேயே சுற்றுகிறது.

(நம்முடைய மெகா சீரியல்கள் இன்னொரு ரகம். அங்கே முழுக்க வீடுதான். வெள்ளிக்கிழமையானால் கல்யாண மண்டபத்துக்குள் போலீஸ் வந்து மருமகளைக் கைது செய்யும். எஃப்.ஐ.ஆர். எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள்.)

காதலுக்கு வருவோம். நாயகனையும் நாயகியையும் சேர்த்துவைத்துவிட்டால் தொடர் படுத்துவிடும் என்ற பயம் உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. இந்த நம்பிக்கைக்கு மூலம் ‘மூன்லைட்டிங்’ என்ற அமெரிக்கத் தொடர் (1985–1989). புரூஸ் வில்லிஸும் சிபில் ஷெப்பர்டும் துப்பறியும் ஜோடி. 1987 மார்ச்சில் இருவரும் சேர்ந்தார்கள், அதற்கப்புறம் தொடர் சரிந்தது, ஆகவே சேர்த்ததுதான் குற்றம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். வில்லிஸ் ‘டை ஹார்ட்’ படப்பிடிப்புக்குப் போய்விட்டார். 1988-ல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். நாயகனும் நாயகியும் ஒரே ஃப்ரேமில் வரவே வழியில்லாத ஒரு தொடர் சரிந்ததற்குக் காதலைப் பிடித்து உள்ளே தள்ளுவது, ஆள் கிடைக்காத கேஸில் தெருவில் போனவனைப் பிடிப்பது மாதிரி.

அந்த பயம் பிறகு வந்தவர்களையும் விடவில்லை. ‘கேஸில்’ என்ற அமெரிக்கத் தொடர் 2009-ல் தொடங்கியது. எழுத்தாளர் கேஸிலும் போலீஸ் அதிகாரி பெக்கெட்டும் சேர்வதற்கு 2012 வரை, நான்காவது சீசனின் கடைசி எபிசோட் வரை இழுத்தார்கள். சேர்ந்த பிறகும் கொலை வழக்குகள் ஜாலியாகத்தான் போயின. 2014-ல் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணாமல் போகவைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. எட்டாவது சீசனில் ஒரு ரகசிய விசாரணைக்காக மனைவியை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியபோது முழுவதும் வெறுத்துவிட்டது. பிரியும் ஆட்கள் இல்லை அவர்கள். எழுத்தாளர் அறையில் யாரோ பயந்துவிட்டார்கள் என்று பளிச்சென்று தெரிந்தது. 2016-ல் தொடரே முடிந்தது. இந்தப் பக்கம் ‘போன்ஸ்’, ஆறாவது சீசன் முடிவில் ஜோடியைச் சேர்த்து, ஒன்பதாவதில் கல்யாணம் முடித்து, குழந்தையோடு பன்னிரண்டாவது சீசன் வரை, 2017 வரை ஓடியது. எலும்பை வைத்துக் கொலையைக் கண்டுபிடிப்பவளுக்கு வீட்டில் குழந்தை இருந்தால் எலும்பு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

பாக்கெட் நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லியா தர வேண்டும்? ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் புருஷன் பெண்டாட்டிதான். அவர்கள் காபி குடித்துக்கொண்டே பிணத்தைப் பற்றிப் பேசினால் நாம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனோம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் சீண்டிக்கொண்டே ஏஜென்சி நடத்தினால் அதையும் படித்தோம். கல்யாணம் ஆச்சா இல்லையா என்பது அந்தக் கதைகளில் பிரச்சினையாகவே இருந்ததில்லை.

ஆனால் அமெரிக்கச் சேனல்காரர்களின் கஷ்டமும் புரிகிறது. வருஷத்துக்கு 22, 24 எபிசோடுகள். விளம்பரம் போக ஒவ்வொன்றும் 42 நிமிஷம் சொச்சம். அந்த வாரக் கொலைகாரன் அந்த வாரமே பிடிபட்டுவிடுவான். அடுத்த வாரத்துக்கு ஆளை இழுக்க மிச்சம் இருப்பது, இவர்கள் சேர்வார்களா மாட்டார்களா என்ற ஒரே கொக்கி. அதை எப்படிக் கழற்ற மனசு வரும்? எட்டு எபிசோடு ஓடிடி தொடரில் நிலைமை தலைகீழ். அங்கே எபிசோடுக்கு எபிசோடு முடியாமல் தொடர்வது வழக்கு. கொக்கி வேலையை வழக்கே பார்த்துக்கொள்ளும், காதலை அதற்காக இழுத்தடிக்க வேண்டியதில்லை. நம் எழுத்தாளர்கள் பல பேர் எட்டு எபிசோடுக்குள் 22 எபிசோடின் பழக்கத்தைத் திணிக்கிறார்கள். மூன்றாவது எபிசோடில் பழைய காதலி போன் செய்கிறாள், ஐந்தாவதில் மழையில் ஒரு பாட்டு, அதற்குள் தடயவியல் ரிப்போர்ட் என்ன சொன்னது என்றே மறந்துபோகிறது.

வீடே காட்டாமலும் ஜெயிக்கலாம். ‘லா அண்ட் ஆர்டர்’ 1990-லிருந்து 2010 வரை இருபது சீசன் ஓடியது, போலீஸும் வக்கீலும் வீட்டுக்குப் போவதை அபூர்வமாகத்தான் காட்டுவார்கள். ‘கொலம்போ’ தொடரில் துப்பறியும் போலீஸ்காரர் கொலம்போவின் மனைவி திரையில் வந்ததே இல்லை. அவர் ‘என் வீட்டுக்காரி’ என்று சொல்லிச் சொல்லியே அந்த அம்மாவை நமக்கு உறவாக்கிவிட்டார். அதிலும் பாருங்கள், மனைவி பேச்சை எடுப்பதே எதிராளியை அசர வைக்கத்தான். அதுவும் விசாரணைதான்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். ஒயிட் டவுன் மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், எல்லாரும் அங்கேயே எடுத்தாகிவிட்டது. கொஞ்சம் தெற்கே வாருங்கள். முள்ளோடை வரை புதுச்சேரி, தாண்டினால் கடலூர், ஆல்பேட்டையில் தமிழ்நாட்டு செக்போஸ்ட். பாகூர் பக்கம் போனால் எந்த வயல் எந்த அரசாங்கத்துடையது என்று அங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். நாயகி சிவப்புத் தொப்பி போட்ட புதுச்சேரி போலீஸ், நாயகன் கடலூர் போலீஸ் என்று வையுங்கள். பெண்ணையாற்று மணலில் ஒரு பிணம். இது உன் எல்லை, இல்லை உன் எல்லை என்று ரெண்டு ஸ்டேஷனும் தள்ளிக்கொள்ளட்டும். இந்தக் காதலுக்குத் தனியாக வில்லன் தேவையே இல்லை. இருவரும் சேர்ந்து டீ குடித்தாலே கேஸ் ரகசியம் எல்லை தாண்டுகிறது என்று மேலதிகாரி சந்தேகப்படுவார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பலாம். முதல் எபிசோடில் அவள் அதைப் போட்டு ஃபைலை அவனுக்கு அனுப்பட்டும். அவளைப் பெண் பார்க்க வேறு மாப்பிள்ளை வருகிற தேதியை ரெண்டாவது எபிசோடில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் வரட்டும்.