கொதிக்கும் நீருக்குத் தரும் வெப்பம் எங்கே போகிறது?

பனிக்கட்டி உருகும்போதும் நீர் கொதிக்கும்போதும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்க, வெப்பநிலை மட்டும் ஏன் ஏறாமல் நிற்கிறது, கொடுத்த வெப்பம் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதலாவது தானே விளங்கிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பொருளுக்குள் சேரும் வெப்ப ஆற்றல் தங்குவதற்கு இரண்டு இடங்கள் உள்ளன. மூலக்கூறுகளின் அசைவு ஒன்று. அதை இயக்க ஆற்றல் என்கிறோம். மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்திருக்கும் பிடியை எதிர்த்து அவற்றை விலக்கும்போது சேரும் நிலை ஆற்றல் மற்றொன்று. வெப்பமானி காட்டுவது முதலாவதை மட்டுமே. ‘சூடாக்கினால் மூலக்கூறுகள் வேகமாக அதிர்கின்றன, அதனால் திண்மம் திரவமாகிறது’ என்று பள்ளியில் சொல்லித் தரும் விளக்கம் உருகுநிலையை எட்டும் வரை சரியானதுதான். ஆனால் உருகத் தொடங்கிய பிறகு நடப்பதை அது மறைத்துவிடுகிறது என்பதே என் குறை. 0 டிகிரி செல்சியசில் உள்ள பனிக்கட்டியிலும் அதே 0 டிகிரியில் உள்ள நீரிலும் மூலக்கூறுகளின் அசைவில் பெரிய வேறுபாடு இல்லை. அந்தக் கட்டத்தில் உள்ளே செல்லும் வெப்பம் முழுவதும் பிடியைத் தளர்த்துவதற்கே செலவாகிறது. வேகம் கூடாததால் வெப்பநிலையும் கூடுவதில்லை.

இந்த உண்மையை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக். உருகுநிலையை எட்டிய பனிக்கு இன்னும் சிறிதளவு வெப்பம் கொடுத்தாலே முழுவதும் நீராகிவிடும் என்றுதான் அவர் காலத்தில் பலரும் நம்பினார்கள். அது உண்மையானால் குளிர்காலம் முடிந்து வெயில் தலைகாட்டிய உடனே மலைகளின் பனி மொத்தமும் ஒரே நேரத்தில் உருகி, ஊர்களையே அடித்துச் செல்லும் வெள்ளம் வரவேண்டும். அப்படி வருவதில்லையே என்பது அவருடைய வாதம். 1760-களின் தொடக்கத்தில் அவர் ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்து, ஒன்றில் 33 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது உறைநிலைக்குச் சற்று மேலே, இருந்த குளிர்நீரையும் மற்றொன்றில் அதே எடையுள்ள பனிக்கட்டியையும் வைத்து, 47 டிகிரி இருந்த ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். நீர் அரை மணி நேரத்தில் 40 டிகிரியை எட்டியது. பனிக்கட்டி இருந்த குடுவை அதே 40 டிகிரியை எட்டுவதற்குப் பத்தரை மணி நேரம் ஆயிற்று, அதாவது இருபத்தோரு அரை மணிகள். சுற்றிலும் இருந்த காற்றிலிருந்து இரண்டு குடுவைகளும் ஏறத்தாழ ஒரே வீதத்தில்தான் வெப்பத்தைப் பெற்றிருக்க முடியும் என்பதால், அந்தக் கூடுதல் நேரமெல்லாம் பனிக்கட்டி வெப்பத்தை வாங்கிக்கொண்டும் சூடேறாமல் இருந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. இப்படி உள்ளே சென்று வெப்பமானிக்குத் தென்படாமல் இருப்பதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். தராசும் கடிகாரமும் வெப்பமானியும் மட்டுமே கொண்டு செய்த இந்தச் சோதனையைவிடத் தெளிவான ஒன்றை இந்தப் பாடத்தில் நான் கண்டதில்லை.

இன்றைய அளவீட்டில், 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை அதே 0 டிகிரி நீராக்க 334 கிலோஜூல் தேவை. அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். ஆனால் 100 டிகிரியில் உள்ள ஒரு கிலோ நீரை முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். உருகுவதற்கும் ஆவியாவதற்கும் இவ்வளவு வேறுபாடு இருப்பதற்குக் காரணம் உண்டு. பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டிருக்கிறது. முன்பு சொன்ன பிடி இதுதான். உருகும்போது அவற்றில் ஒரு சிறு பகுதியே அறுகிறது. மற்றவை அறுவதும் மீண்டும் சேர்வதுமாக இருப்பதால் நீர் ஓடுகிறது, ஆனால் சிதறுவதில்லை. ஆவியாகும்போதோ ஏறக்குறைய எல்லாப் பிணைப்புகளும் அறவேண்டும். அதோடு ஒரு லிட்டர் நீர் 1,600 லிட்டருக்கும் மேற்பட்ட ஆவியாக விரிந்து, சுற்றியுள்ள காற்றைத் தள்ளி இடம்பிடிக்கவும் வேண்டும். அந்தத் தள்ளும் வேலைக்கு மட்டும் 2,257-இல் ஏறத்தாழ 170 கிலோஜூல் போய்விடுகிறது.

இதைச் சமையலறையிலேயே சரிபார்க்கலாம். 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் போதும். அந்த நீர் முழுவதும் வற்ற அதைப்போல ஏழரை மடங்குக்கும் மேல் வேண்டும். ஐந்து நிமிடத்தில் கொதித்த பாத்திரம், அதே தீயில் வற்றிப்போக மேலும் நாற்பது நிமிடத்தை நெருங்கிவிடும். உலை கொதித்த பிறகும் தீயைப் பெரிதாக வைத்தால் அரிசி விரைவாக வேகும் என்று நினைப்பவர்கள் பலர். நீர் 100 டிகிரியில்தான் நிற்கப்போகிறது. கூடுதல் எரிவாயு கூடுதல் ஆவியை உண்டாக்குமே தவிர வேறொன்றும் செய்யாது. கொதி தணியாத அளவுக்குத் தீ இருந்தால் போதும்.

ஆவி குளிர்ந்து நீராகும்போது, வாங்கிய 2,257 கிலோஜூலையும் அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. இட்லி வேகும் முறை இதுதான்: கொப்பரையின் அடியிலிருந்து எழும் ஆவி, குளிர்ந்த மாவின் மேல் பட்டு நீராகும் அந்தக் கணத்தில் தன் வெப்பத்தை அங்கே இறக்கிவிடுகிறது. ஆவி பட்ட புண் கொதிநீர் பட்ட புண்ணைவிடக் கடுமையாக இருப்பதும் இதனால்தான். ஒரு கிராம் கொதிநீர் உடல் வெப்பநிலைக்குக் குளிரும்போது ஏறத்தாழ 260 ஜூலைத் தருகிறது. ஒரு கிராம் ஆவியோ 2,500 ஜூலுக்கு மேல் தருகிறது. இடையில் ஒன்று: குக்கர் விசிலடிக்கும்போது துளைக்கு மிக அருகே ஒரு சிறு இடைவெளியில் ஒன்றுமே தெரியாது, அதற்கு மேல்தான் வெண்புகை தெரியும். அந்த வெற்றிடம் போலத் தெரிவதுதான் உண்மையான நீராவி. வெண்மையாகத் தெரிவது ஏற்கெனவே குளிர்ந்து நுண்துளிகளாகிவிட்ட நீர்.

வெப்பநிலை நிற்கும் இடம் எங்கும் 100 டிகிரிதான் என்று எண்ணிவிடக் கூடாது. மேலிருந்து அழுத்தும் காற்றைப் பொறுத்தே மூலக்கூறுகள் வெளியேறுவது எளிதாகவோ கடினமாகவோ அமைகிறது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டியில் நீர் 93 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே கொதித்துவிடும். குக்கருக்குள் அழுத்தம் இரண்டு மடங்கானால் 120 டிகிரி வரை செல்லும். கற்பூரம் போன்ற சில பொருள்கள் திறந்த காற்றில் திரவ நிலையைத் தொடாமலே பதங்கமாகின்றன, அதாவது நேரே ஆவியாகின்றன.

அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நீரும் ஆவியும் அடர்த்தியில் ஒன்றையொன்று நெருங்க, உள்ளுறை வெப்பமும் குறைந்துகொண்டே வரும். 374 டிகிரியில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 218 மடங்கு அழுத்தத்தில், அது சுழியாகிவிடுகிறது. அங்கே கொதித்தல் என்ற நிகழ்வே கிடையாது. நீர் குமிழி விடாமல் படிப்படியாக அடர்த்தி குறைந்து ஆவியாகிறது. அந்த எல்லைக்கு மேல் இயங்கும் அனல்மின் நிலையக் கொதிகலன்களில், பழைய கொதிகலன்களில் இருப்பதுபோல் நீரையும் ஆவியையும் பிரித்தெடுக்கும் உருளைக் கலன் வைப்பதில்லை.