ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே!

கேள்வி: தேன் கொள்முதலுக்கு ஒன்று, இருப்புக்கு ஒன்று என இரண்டு ஜாங்கோ (பைத்தான் மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) செயலிகளை ஒரே கணினியில் 8000, 8001 போர்ட்டுகளில் ஓட்டுகிறேன். ஒன்றில் லாகின் செய்தால் மற்றது லாகவுட் ஆகிறது. இரண்டுக்கும் ஒரே லாகின் போதுமாகச் செய்ய முடியுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முடியும். குக்கி, அதாவது தளத்துக்காக பிரவுசர் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு, போர்ட் எண்ணைப் பார்ப்பதில்லை. உங்கள் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர்தான் அதற்குக் கணக்கு. இரண்டும் லாகின் அடையாளத்தை 'செஷன்ஐடி' என்ற ஒரே பெயரில் எழுதுவதால், பிந்தியது முந்தியதை அழிக்கிறது. ஒரே குக்கி இரண்டுக்கும் போவதால் உங்களுக்கு அதுவே வசதி. பாதி வேலையை பிரவுசரே முடித்துவிட்டது.

பயனர், செஷன் (யார் லாகின் செய்திருக்கிறார் என்ற பதிவு) அட்டவணைகளை ஒரே டேட்டாபேஸில் வையுங்கள். பயனர் மாடலும் (பயனர் விவரங்களின் வடிவமைப்பு) ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டின் செட்டிங்ஸிலும் சீக்ரெட் கீ (செயலியின் ரகசியச் சாவி) ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. மாறினால் ஜாங்கோ அந்த செஷனை ஏற்காது, மறுபடி லாகின் கேட்கும். பலர் சறுக்குவது இங்கேதான்.

இரண்டிலும் ஒரே பெயரில் ஆப் (செயலிக்குள் உள்ள உட்பிரிவு) இருந்தால், முதலாவதன் மைக்ரேஷன் (அட்டவணைகளை உருவாக்கும் படி) பதிவைப் பார்த்து 'முடிந்தது' என்றெண்ணி இரண்டாவது தன் அட்டவணையை உருவாக்காமல் விடும். பெயரை முன்பே மாற்றிவிடுங்கள். கடையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்வார்கள் என்றால் எஸ்க்யூஎல்லைட் டேட்டாபேஸ் பூட்டிக்கொள்ளலாம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நல்லது.

ஒன்றை 127.0.0.1 என்றும் மற்றதை லோக்கல்ஹோஸ்ட் என்றும் திறக்காதீர்கள். இரண்டும் உங்கள் கணினியையே குறித்தாலும், பிரவுசருக்கு அவை இரண்டு வேறு முகவரிகள்.