மண் அணை: கேளுங்கள், சொல்கிறேன்

கே: எங்கள் வெள்ளத்தடுப்பு அணை பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது. வீண்செலவுதானே?

ப: காலியாகக் கிடப்பதுதான் அதன் வேலை. வரும் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள இடம் வேண்டாமா? வாங்கியதை, கரைக்கு அடியில் பதித்த அடிக்குழாய் மெல்ல வெளியே விடும். குழாயை அடைத்துத் தண்ணீர் தேக்கினால், அடுத்த பெருமழைக்கு அணை இருந்தும் இல்லாத கணக்குதான்.

கே: கரையின் வெளிப்புற அடியில் தண்ணீர் கசிகிறது. பயப்பட வேண்டுமா?

ப: மண் அணை கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்து, அளவும் கூடாமல் இருந்தால் குறித்து வைத்துக் கவனித்து வாருங்கள். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்று பொருள். குழாயை ஒட்டிய மண்ணை இடித்து இறுக்குவது சிரமம் என்பதால், அரிப்பு பல சமயம் அங்கேதான் தொடங்கும். அதற்காகத்தான் குழாயைச் சுற்றி வடிகட்டி மணல் போடுவது. அது நீரை விடும், மண்ணை விடாது. அமெரிக்காவில் டீட்டன் என்ற பெரிய மண் அணை 1976-ல் இப்படி உள்ளே மண் அரித்துத்தான் போனது. காலையில் சேற்றுநீர் கசிந்தது, நண்பகலுக்குள் கரை உடைந்தது. ஆகவே கலங்கல் கண்டால் பொறுத்துப் பார்க்காதீர்கள். பொறியாளருக்கும் கீழே குடியிருப்பவர்களுக்கும் உடனே சொல்லுங்கள்.

கே: அணை நிறைந்தால் மிகுதி நீர் வழியும் கலிங்கு வழியே மீன் போய்விடுகிறது. வலை கட்டலாமா?

ப: கூடாது. 1889-ல் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையில் மீனுக்காக வைத்த தடுப்பில் குப்பை அடைத்துக்கொண்டது. கரையை முன்பே தாழ்த்தியிருந்தார்கள், அடிக்குழாய்களும் இல்லை. நீர் கரையேறி வழிந்து அணையே உடைந்தது. 2,200 பேருக்கு மேல் செத்தார்கள். கலிங்கில் கை வைக்காதீர்கள்.

கே: கரையில் மரம் நடலாமா?

ப: புல் மட்டும்.

கே: வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளுமே? மலைச்சரிவில் மரம் நடச் சொல்வது நீங்கள்தானே?

ப: நான் சொல்லவில்லை, வேறு யாரோ. மலைக்குப் பின்னால் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. இங்கே வேர் செத்து மக்கினால், அது இருந்த இடம் நீருக்கு வழியாகிவிடும். காற்றில் மரம் சாய்ந்தால் கரையையும் பெயர்த்துக்கொண்டு சாயும். நிழலில் புல்லும் செழிக்காது.

கே: சரி, இருக்கும் பெரிய மரங்களை நாளைக்கே வெட்டிவிடவா?

ப: அவசரப்படாதீர்கள். வெட்டிவிட்டு வேரை விட்டால் அது மக்கும். நீர் நிற்கும்போது பிடுங்கினால் குழி விழும். மட்டம் இறங்கியபின், பொறியாளர் மேற்பார்வையில் வேரோடு எடுத்து, குழியில் அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும்.

கே: பழமரம்?

ப: அதுவும் மரம்தான்.

கே: கலிங்கில் மூட்டை அடுக்கி ஓர் அடி உயர்த்தினால்?

ப: மீன்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே: மேலே அணை இருப்பதால் கீழே பள்ளத்தில் வீடு கட்டலாமா?

ப: எவ்வளவு வெள்ளத்துக்கு அணை கட்டினார்களோ, அதற்கு மேல் வருவது கலிங்கு வழியே உங்கள் வாசலுக்குத்தான் வரும். கீழே வயல்தானே, இது போதுமென்று கட்டிய கரை, அங்கே வீடுகள் வந்தபின் போதாது. வேறு இடம் பாருங்கள்.