சி.ஏ. முடித்தவர் சட்டமும் படித்தால் இரண்டு தொழிலையும் சேர்த்துச் செய்யலாமா?

வணக்கம். நான்கு வருடமாக சி.ஏ. பிராக்டிஸ், இனி எல்.எல்.பி. படித்து ஆடிட்டர், வக்கீல் இரண்டு போர்டும் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கலாம். இரண்டு போர்டும் சேர்த்து மாட்ட முடியாது. பார் கவுன்சிலில் பதிவு செய்யுமுன் சி.ஏ. பிராக்டிஸ் சான்றிதழை ஒப்படைத்துவிட வேண்டும். அதன்பிறகு டாக்ஸ் ஆடிட்டில் கையெழுத்துப் போட முடியாது. உங்கள் மாத வருமானத்தில் ஆடிட் எவ்வளவு என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

வருமான வரித் தீர்ப்பாயத்திலும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயமான என்.சி.எல்.டி.யிலும் சி.ஏ.வாகவே ஆஜராகலாம், அதற்கு எல்.எல்.பி. தேவையில்லை. தடை உயர் நீதிமன்ற வாசலில்தான் தொடங்குகிறது. நான் வருடக்கணக்கில் தயாரித்த ஒரு வழக்கு அங்கே போனபோது, எந்த லெட்ஜர் பக்கத்தில் எந்தப் பதிவு என்று பின்வரிசையிலிருந்து வக்கீலுக்குத் துண்டுச்சீட்டு நீட்டிக்கொண்டிருந்தேன். அன்றுதான் சட்டம் படிக்க முடிவெடுத்தேன். உங்களுக்கும் அந்த ஏக்கம் இருந்தால் தயங்காதீர்கள்.

பட்டம் இருந்தால் மூன்று வருடப் படிப்பு. தபால் வழி எல்.எல்.பி.க்கு அங்கீகாரம் கிடையாது, 70 சதவீத வருகை வேண்டும். செப்டம்பர் ஃபைலிங் நேரத்தில் இது உயிரை வாங்கும், நல்ல அசிஸ்டென்ட் ஒருவரை இப்போதே தயார் செய்யுங்கள். அப்புறம், பதிவு செய்த இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வையும் எழுதித் தேற வேண்டும்.