சிஸ்டர் பதில்கள்: ரசத்தில் கலக்கிற பவுடர்

(மனநல வார்டில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர், குடி பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் கணவர் தினமும் ஒரு ஆஃப் குடிக்கிறார். அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை விட்டுவிடுவார் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு பவுடர் வாங்கிவிட்டேன். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, விருத்தாசலம்

வேண்டாம்மா. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருவேளை குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால் வம்பு. அது நல்ல மருந்துதான். நாங்களே வார்டில் கொடுத்திருக்கிறோம். ஆனால் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்து, நோயாளி சம்மதித்த பிறகுதான். அதை எடுத்துக்கொண்டிருக்கும்போது குடித்தால், சாராயம் கல்லீரலில் பாதி உடைந்து அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக நின்றுவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், பிரஷர் சரியும். இதயக் கோளாறு இருப்பவர் என்றால் உயிருக்கே ஆபத்து. கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் வரைகூட இது நடக்கலாம். ஆல்கஹால் கலந்த சில இருமல் மருந்துகளும் ஆகாது என்று எச்சரித்துத்தான் வீட்டுக்கு அனுப்புவோம்.

தெரியாமல் சாப்பிடுகிறவருக்கு அந்த எச்சரிக்கை எங்கே? எங்களிடம் வந்த ஒருவருக்கு மனைவி ரசத்தில் கலந்து கொடுத்திருந்தார். அவரோ சரக்கில்தான் கலப்படம் என்று நினைத்து, கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, வேறு கடையில் வாங்கி மறுபடி குடித்திருக்கிறார். ஸ்ட்ரெச்சரில்தான் வந்தார். விஷயம் தெரிந்தபின் பல மாதம் மனைவி கையால் சாப்பிடவே இல்லை.

பவுடரைத் தூக்கிப் போடுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு போன் செய்யுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அவர் வர மறுத்தால் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள்.

கேள்வி: போன வருடம் அண்ணன் மாலை போட்டுக் குடியை நிறுத்திய மூன்றாம் நாள், உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று ராத்திரி முழுக்க அலறினார். சாமி குத்தம் என்றார்கள். இந்த வருடமும் போடப்போகிறார்.
– ஒரு வாசகர், தேனி

ஐயப்பன் மேல் பழி போடாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் இப்படிப் புத்தி பேதலிக்கலாம், வைத்தியம் பார்க்காவிட்டால் சாவும் உண்டு. மாலை போடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நடுக்கத்துக்கு மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துப் பத்திரமாக நிறுத்துவார்கள். அப்புறம் தாராளமாக மலை ஏறட்டும்.

கேள்வி: நான் பீர் மட்டும்தான். அது சரக்கில் சேராதே?
– ஒரு வாசகர், திருப்பூர்

8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லியில் சுமார் 52 மில்லி ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 77. ஒன்றரை பாட்டில் பீர் என்றால் ஒரு குவார்ட்டர் சார்.