டி-72ஆ, லெப்பர்ட் 2ஆ: பின்கியரைப் பாருங்க

நண்பரே, விவாதப் போட்டிக்குக் கவசத் தடிமனை மட்டும் வச்சு சோவியத் டி-72, ஜெர்மன் லெப்பர்ட் 2 ஆகிய ரெண்டு டேங்கையும் ஒப்பிட்டுக் குழம்பிட்டதா எழுதியிருந்தீங்க. கவசத்தை விடுங்க, பின்கியரைப் பாருங்க. டி-72 பின்னால போறது மணிக்குச் சுமார் 4 கி.மீ., அதாவது நாம நடக்குற வேகம். லெப்பர்ட் 2க்குச் சுமார் 30. சுட்டுட்டு மேட்டுக்குப் பின்னால பதுங்குறப்ப அந்த வித்தியாசம்தான் உயிர்.

அடுத்தது குண்டு இருக்கும் இடம். டி-72ல பீரங்கில குண்டைத் தானா ஏத்துற தானியங்கி லோடர்ல 22 குண்டு, ஆட்களோட காலுக்கடியிலேயே. தீப்பிடிச்சா மேல சுழலுற பீரங்கிக் கூடான டரெட்டே பிய்ச்சிக்கிட்டுப் பறக்கும். லெப்பர்ட்லயும் ஓட்டுநருக்குப் பக்கத்துல குண்டு அடுக்கியிருக்கு, அதை மட்டும் யாரும் பேசமாட்டாங்க!

ட்ரோன் வந்ததும் டேங்க் செத்துடுச்சுன்னு எதிரணி சொன்னா, உக்ரைன்ல ரெண்டு தரப்புமே மேல இரும்புக் கூண்டு கட்டி ஓட்டுறதைச் சொல்லுங்க. எடைக்கும் ஒரு வரி: டி-72 சுமார் 45 டன், லெப்பர்ட் 2வோட 2ஏ6 ரகம் 60க்கு மேல. பாலம் தாங்கணுமே.