கராஜ் கேள்வி-பதில்: கமாரோவுக்கு அஞ்சு கியர்

கே: வணக்கம் சார், நான் ஹூஸ்டன்ல இருக்கேன். 1968 கமாரோ வச்சிருக்கேன், 327 க்யூபிக் இன்ச் இன்ஜின், ரெண்டே கியர் இருக்குற பவர்கிளைட் ஆட்டோமேட்டிக், பின்னாடி 2.73 ஆக்சில். ஆட்டோமேட்டிக்க கழட்டிட்டு டிரெமெக் டிகேஎக்ஸ் அஞ்சு கியர் மேனுவல் போடணும்னு ஆசை. பாக்ஸ ஆர்டர் பண்ணிடலாமா?

ப: கொஞ்சம் பொறுங்க தம்பி. எல்லாரும் பாக்ஸ்ல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க, படத்துல பளபளன்னு தெரியுறது அதுதானே. நீங்க பின் ஆக்சில்ல இருந்து ஆரம்பிங்க. 2.73ன்னா பாக்ஸ்ல இருந்து பின்னாடி போற ஷாஃப்ட் 2.73 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து, நம்பர் கூடினா இழுவை கூடும். டிகேஎக்ஸ்ல அஞ்சாவது கியர் 0.68லயும் வருது, 0.81லயும் வருது, அதாவது பாக்ஸ் வெளிய ஒரு சுத்து சுத்த இன்ஜின் அவ்வளவு சுத்தினா போதும். டயர் 26 இன்ச்னு வச்சுக்குங்க, ஹைவேல 70 மைல் வேகம், உங்க 2.73 ஆக்சிலுக்கு நாலாவது கியர்லயே இன்ஜின் 2,470 ஆர்பிஎம்தான் சுத்தும், 0.68க்கு தட்டினா 1,680க்கு இறங்கிடும், லேசா ஒரு மேடு வந்தாக்கூட முக்கும், திரும்ப நாலுக்கு வரணும். காசு குடுத்து வாங்கின அஞ்சாவது கியர் சும்மா கெடக்கும். அதே வண்டிக்கு 3.55 கிரவுன் பினியன் (ஆக்சில் உள்ள இருக்குற பல்சக்கர ஜோடி) போட்டீங்கன்னா சிக்னல்ல இருந்து நல்லா இழுக்கும், 70 மைல்ல அஞ்சாவதுல 2,200க்கு பக்கத்துல நிக்கும். ஆக்சில் உள்ள அந்த பல்சக்கரத்த தாங்குற கேரியரும் சேத்து மாத்த வேண்டி வரலாம், அதையும் கணக்குல வச்சுக்குங்க. ஆக்சில தொட மாட்டேன்னா 0.81 பாக்ஸ எடுங்க, 0.68 வேண்டாம்.

தாங்குமானு பயப்பட வேண்டாம், அந்த பாக்ஸ் 600 ஃபுட்-பவுண்ட் டார்க் (முறுக்கு விசை) வரைக்கும் தாங்கும், உங்க 327 அதுக்கெல்லாம் ஜுஜுபி.

அடுத்தது ஆட்டோமேட்டிக் வண்டிங்கிறதால வர்ற வேலை. கிளட்ச் பெடல் செட் வேணும். கிராங்க் பின்பக்கம் பைலட் புஷ் (பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் நுனியத் தாங்குறது) உக்கார்ற ஓட்டை சரியான அளவுக்கு கடைஞ்சிருக்கானு பாக்கணும், ஏன்னா ஆட்டோமேட்டிக் இன்ஜினுக்கு அந்த புஷ்ஷே தேவையில்ல. ஆட்டோமேட்டிக்குக்கு இருக்குற மெல்லிசான ஃப்ளெக்ஸ் பிளேட்ட எடுத்துட்டு, கிளட்ச் உக்கார்ற கனமான ஃப்ளைவீல் போடறப்போ 153 பல்லா 168 பல்லானு முடிவு பண்ணிட்டு அதுக்கு ஏத்த ஸ்டார்ட்டர வாங்குங்க, ரெண்டுக்கும் போல்ட் வர்ற இடமே வேற.

கிளட்ச்ச ஹைட்ராலிக்ல தள்ளலாமா பழைய மாதிரி ராடும் ஃபோர்க்குமா? என் ஓட்டு ராடுக்குதான். ஹைட்ராலிக் பெடல் மெத்துன்னு இருக்கும், ஒத்துக்குறேன், ஆனா கிளட்ச்ச தள்ளுற ரிலீஸ் பேரிங் பெல் ஹவுசிங்குக்கு (இன்ஜினையும் பாக்ஸையும் சேக்குற மணி மாதிரி கூடு) உள்ள உக்காந்து ஒழுக ஆரம்பிச்சா பாக்ஸயே இறக்கணும், ராடுன்னா ரோட்டோரமா குனிஞ்சு பாத்தே சரி பண்ணிடலாம்.

இப்போ முக்கியமான விஷயம், நிறைய பேர் தாண்டிப் போயிடுறது: பெல் ஹவுசிங் சென்டர். பாக்ஸ மாட்டுறதுக்கு முன்னாடி பெல் ஹவுசிங்க மட்டும் இன்ஜின்ல மாட்டி டைட் பண்ணுங்க. டயல் கேஜோட காந்தத்த ஃப்ளைவீல்ல ஒட்டுங்க, முள்ள ஹவுசிங் நடு ஓட்டையோட உள் விளிம்புல படற மாதிரி வச்சுட்டு, பிளக்கெல்லாம் கழட்டிட்டு கிராங்க கையால ஒரு முழு சுத்து மெதுவா சுத்துங்க. முள் மொத்தமா ஆடுற தூரம் இன்ச்சுல ஆயிரத்துல அஞ்சுக்குள்ள இருக்கணும். கேஜ் ஆயிரத்துல 14 காட்டுதுன்னா நிஜமான விலகல் பாதிதான், 7. அதுக்குன்னே ஹவுசிங்க இடத்துல நிறுத்துற டவல் பின், சென்டர் விலகினது, கடையில கிடைக்குது, 7, 14, 21ன்னு. 7 பின்ன போட்டு திருப்பி செட் பண்ணி மறுபடி கேஜ் வச்சுப் பாருங்க. இத பண்ணாம மாட்டினா என்ன ஆகும்னா இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுத்துக்கும் வளைஞ்சு வளைஞ்சு சுத்தும், கியர் தானா கழண்டு வரும், ரேஸ் ஏத்தினா கியர் விழாது, பேரிங் கத்தும், கடைசியில பழி பாக்ஸ் கம்பெனி மேல போகும். ஒரு சாயங்கால வேலைதான் இது, மெக்கானிக் "அதெல்லாம் கரெக்டா இருக்கும் சார்"னு சொன்னா கேஜ குடுத்து காட்டச் சொல்லுங்க.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட பாக்ஸ் ஏறி, கிராஸ் மெம்பர் உக்காந்து, வண்டி டயர்ல நிக்கிறப்போதான் அளவெடுக்கணும், முன்கூட்டியே வெட்ட வேண்டாம். யோக்கும் (ஷாஃப்டோட பாக்ஸுக்குள்ள நுழையுற முனை) மாறும், பவர்கிளைடுக்கு 27 ஸ்ப்லைன் (பல் வரி), டிகேஎக்ஸுக்கு 31. ஸ்பீடோமீட்டர் கவலை இல்ல, பழைய கேபிளும் மாட்டலாம், எலக்ட்ரானிக்கும் எடுக்கலாம். புது கிளட்ச் செட் ஆக முதல் 500 மைல் ஊருக்குள்ளயே ஓட்டுங்க, டயர தேய்க்கிற வேலையெல்லாம் அப்புறம்.

கே: என்கிட்ட 1967 மஸ்டாங், 289 இன்ஜின். 90கள்ல வந்த மஸ்டாங்ல இருந்து கழட்டின பழைய டி5 அஞ்சு கியர் மேனுவல் பாக்ஸ் சல்லிசா வருது. போடலாமா?

ப: ஸ்டாக் 289ன்னா தாராளமா. 1990 முதல் 93 வரைக்கும் வந்த 5.0 மஸ்டாங் டி5க்கு 300 ஃபுட்-பவுண்ட் கணக்கு, ரெண்டு பேரல் கார்புரேட்டர் இருக்குற ஸ்டாக் 289 அதுக்குள்ள அடங்கிடும். வாங்கறதுக்கு முன்னாடி இன்புட் ஷாஃப்ட புடிச்சு ஆட்டிப் பாருங்க, வடிச்ச ஆயில்ல பித்தளைத் தூள் மின்னுதானு பாருங்க. 390 இன்ஜின் போடற ஐடியா பின்னால இருக்குன்னா இந்தப் பக்கமே வராதீங்க, அது 400 ஃபுட்-பவுண்ட தாண்டுற மிருகம்.

கே: புது அஞ்சு கியர் பாக்ஸுக்கு எங்க ஊர் மெக்கானிக் 90 கியர் ஆயில் ஊத்தச் சொல்றார், மேனுவல்னா அதுதான்ங்கிறார். சரியா சார்?

ப: இல்ல. டிகேஎக்ஸ், மேல சொன்ன 90கள் மஸ்டாங் டி5 ரெண்டுக்கும் ஏடிஎஃப்தான், ஆட்டோமேட்டிக்குக்கு ஊத்துவாங்களே அந்த செவப்பு ஆயில். 90 ஊத்தினா ரொம்ப கெட்டி, காலைல குளிர்ல ரெண்டாவது கியர் விழவே விழாது, சிங்க்ரோ (கியர் உரசாம விழ வேகத்த சமப்படுத்துற வளையம்) சீக்கிரம் போயிடும். 90 உங்க பின் ஆக்சிலுக்கு, அவர் கேட்டா அங்க ஊத்தச் சொல்லுங்க.